ஐரோப்பாவில் பணம் கரைவது ஊர் மாறும் நாளில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஐரோப்பாப் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பத்து நாளில் ஏழு நாடு பார்ப்பது எப்படி என்று விவரமாகச் சொல்லிவிட்டு, தனியாகப் போனால் செலவு கட்டுக்கு அடங்காது, அதிலும் பெண்களுக்குச் சுற்றுலாக் குழுவோடு போவதே நல்லது என்று முடித்திருந்தார்கள். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். 46 வயதில், முதுகில் எட்டு கிலோ பையோடு, 30 இரவுகள் தனியாக ஐரோப்பாவில் இருந்துவிட்டு வந்தவள் நான். பணக்காரியும் இல்லை, துணிச்சல்காரி என்று யாரும் என்னைச் சொன்னதும் இல்லை.

நானும் முதலில் அந்தக் கட்டுரையில் உள்ளது போலத்தான் திட்டம் போட்டேன். ஒன்பது நாடு. இவ்வளவு தூரம் போகிறோம், விட்டால் மறுபடி எப்போது போகப் போகிறோம் என்ற ஆசைதான், எல்லோருக்கும் இருப்பதுதான். டிக்கெட்டும் படுக்கையும் விலை பார்க்கப் பார்க்க ஒவ்வொரு நாடாக அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் நாலு நாடு, ஐந்து ஊர் என்று நின்றது: ஹங்கேரியில் புடாபெஸ்ட் 7 இரவு, ஆஸ்திரியாவில் வியன்னா 7, ஸ்லோவேனியாவில் லுப்லியானா 5, இத்தாலியில் ட்ரியெஸ்தே 3, ரோம் 8. அடித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று செலவு நோட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

தினமும் படுக்கப் போகுமுன் அன்றைய செலவை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பேன். ஒரே ஊரில் இருந்த நாட்களில் பயணிகள் ஹாஸ்டல் படுக்கையையும் சேர்த்து 40 முதல் 50 யூரோவுக்குள் முடிந்திருக்கிறது, புடாபெஸ்டில் அதற்கும் கீழே, ரோமில் மட்டும் 55 வரை போனது. ஊர் மாறிய நாட்கள் நாலுதான், அந்த நாலிலும் 80 யூரோவுக்குக் குறைந்து ஒரு நாள்கூட இல்லை. டிக்கெட் விலை மட்டும் காரணம் இல்லை. புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்கு முன்கூட்டியே எடுத்ததால் ரயில் டிக்கெட் எனக்கு 19.90 யூரோதான் ஆனது. மீதியெல்லாம் சில்லறையாகக் கரைகிறது. காலையில் அறையைக் காலி செய்தால் அடுத்த ஊரில் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் படுக்கை கிடைக்கும், அதுவரை பையை வைக்க லாக்கருக்குக் காசு, ரயில் நிலையக் கழிப்பறைக்குக் காசு, சமைக்க வழியில்லாததால் நிலையத்திலேயே சாப்பாடு, அங்கே எல்லாமே விலை அதிகம், இறங்கியதும் புது ஊரின் பஸ் பாஸ், பாதி மீந்த எண்ணெயும் அரிசியும் பழைய ஊரிலேயே போச்சு. ஏழு நாடு போகிறவர் இதைக் குறைந்தது ஆறு முறை செய்கிறார். ஐரோப்பா விலை அதிகம் என்று சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்த ஓட்டத்தின் விலை என்பது என் கணக்கு.

ரயில் பாஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஒரே சீட்டில் பல நாட்டு ரயில்களில் ஏற உதவும் யூரெயில் பாஸ், ஐரோப்பாவுக்கு வெளியே வசிக்கிறவர்களுக்கானது, 1959-லிருந்து இருக்கிறது, 27 வயது வரை இருப்பவர்களுக்குத் தள்ளுபடியும் உண்டு. தினமும் நெடுந்தூரம் ஓடுகிறவருக்கும், முந்தின நாள் ராத்திரி வரை எங்கே போவது என்று முடிவு செய்யாதவருக்கும் அது லாபம். ஆனால் பாஸ் கையில் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினின் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், இதைப் பலரும் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். நாலே முறை ஊர் மாறும் எனக்குத் தனித்தனி டிக்கெட்டே மலிவு. அப்புறம் ஒன்று, இத்தாலியின் உள்ளூர் ரயில்களில் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லாமல் அபராதம் கட்டிய ஒரு பெண்ணை என் எதிர் இருக்கையிலேயே பார்த்தேன், முகம் வாடிவிட்டது பாவம்.

மலிவு விமானம் என்ற ஆசையையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாரிஸ் என்று பெயர் போட்டு விற்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். அந்த பஸ் செலவையும் பைக்கான கட்டணத்தையும் கூட்டினால் ரயில் விலைக்கே வந்துவிடும். வியன்னாவிலிருந்து லுப்லியானாவுக்கு நான் ரயிலில்தான் போனேன், சுமார் ஆறு மணி நேரம். அந்தப் பாதை செம்மெரிங் மலை மேல் ஏறுகிறது, 1854-ல் போட்டு முடித்தது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. ரயில் மெதுவாகப் பாறை ஓரமாக வளைந்து போகும்போது, முன்னால் போகும் பெட்டி இரண்டடுக்குக் கல் பாலத்தின் மேல் திரும்புவது நம் ஜன்னலிலிருந்தே தெரியும். இதற்கென்று தனி டிக்கெட் எதுவும் கிடையாது.

ஹாஸ்டல் என்றாலே நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அல்லது இருபது வயசுப் பசங்களுக்கான இடம் என்று நினைக்கிறார்கள். 1909-ல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் பிள்ளைகளோடு நடைப்பயணம் போனபோது புயல் மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார், அங்கேதான் இந்த யோசனையே பிறந்தது. 1912-ல் ஆல்டெனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதி நிலையாகத் தொடங்கியது. இன்றைக்கு வயது வரம்பு இல்லாத ஹாஸ்டல்கள்தான் அதிகம். என்னோடு புடாபெஸ்டில் எட்டுப் பேர் அறையில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார், காலையில் ஐந்தரைக்கு எழுந்து சத்தமே இல்லாமல் பை கட்டுவார், எல்லாவற்றையும் ராத்திரியே துணிப்பைகளில் பிரித்து வைத்திருப்பார். பிளாஸ்டிக் கவர் சரசரக்கும், துணிப்பை சத்தம் போடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பெண்களுக்கு மட்டுமான அறை, சொந்தப் பூட்டு, கீழ்க் கட்டில் இந்த மூன்றும் கேட்டு வாங்குவேன். சமையலறை இருக்கிறதா என்பதைப் படுக்கை விலைக்கு முன்னால் பார்க்க வேண்டும். நல்ல ஹாஸ்டல் சமையலறையில் ஒரு அலமாரித் தட்டு, முந்தைய ஆட்கள் விட்டுப்போன உப்பு, பாஸ்தா, பாதி பாட்டில் எண்ணெய், சில சமயம் அரிசி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதி ஒட்டியிருக்கும். வியன்னாவில் முதல் மூன்று நாள் அந்தத் தட்டை வைத்தே ஓட்டினேன், கிளம்பும்போது நான் வாங்கிய மைசூர்ப் பருப்பில் பாதியை அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

வியன்னா விலை அதிகமான ஊர், சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை தவிர கடைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். ஆனால் குழாய்த் தண்ணீர் 1873-லிருந்து ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருவது, பாட்டில் தண்ணீர் வாங்குவது வீண். பாட்டில் வாங்கினாலும் அதன் விலையில் 25 சென்ட் முன்பணம், காலி பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். 71-ஆம் நம்பர் டிராமில் ஏறி மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன், இசையமைப்பாளர்கள் பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூவரும் பக்கத்துப் பக்கத்தில், நுழைவுக் கட்டணம் கிடையாது. மூன்று மணி நேரம் இருந்தேன். குழுவோடு போயிருந்தால் பத்து நிமிஷம் கொடுத்திருப்பார்கள்.

ரோம் பற்றி இன்னும் சொல்லலாம், அங்கேதான் ஓசியில் கிடைப்பது ஏராளம். தெருவுக்குத் தெரு நாசோனி என்ற இரும்புக் குடிநீர்த் தூண்கள், ஊர் முழுக்க 2,500-க்கும் மேல், இரவு பகலாகத் தண்ணீர் ஓடும். வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி எழும், குனியாமல் குடிக்கலாம். ஒரு குட்டிப் பெண் என் திணறலைப் பார்த்து ஓடிவந்து செய்து காட்டினாள். அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், வத்திகான் அருங்காட்சியகம் கடைசி ஞாயிறு. பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு மட்டும் 2023 ஜூலையிலிருந்து கட்டணம் போட்டுவிட்டார்கள். சான் லூயிஜி தே ஃபிரான்செஸி தேவாலயத்தில் காரவாஜோ என்ற பழைய இத்தாலிய ஓவியரின் மூன்று ஓவியங்கள் காசில்லாமல் பார்க்கலாம். மூலையில் இருட்டாக இருக்கும், பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும், அடுத்து யாராவது போடும்வரை எல்லோரும் இருட்டில் பேசாமல் நிற்பார்கள். நான் மூன்று நாள் தொடர்ந்து போனேன். எட்டு இரவு இருந்ததால்தான் அது முடிந்தது.

தனிமை, பாதுகாப்பு இரண்டையும் மறைக்க மாட்டேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, சாயங்காலம் திடீரென்று யாரோடும் தாய்மொழியில் பேசாத வெறுமை வந்து உட்கார்ந்துவிட்டது, அழுதேன். ஹாஸ்டல் சமையலறையில் வெங்காயம் நறுக்க ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார், அப்படியே தேறினேன். பயந்தது ஒரே ஒரு இரவு. லுப்லியானாவிலிருந்து ட்ரியெஸ்தேவுக்கு இரண்டு மணி நேர பஸ் பயணம்தான், 9 யூரோ மிச்சமாகும் என்று மாலை பஸ்ஸை எடுத்தேன். பஸ் தாமதம், போய்ச் சேரும்போது மணி பதினொன்றே முக்கால், தங்கும் இடத்தில் வரவேற்பறையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள், போனை எடுக்க ஆள் இல்லை. அரை மணி நேரம் வாசலில் நின்றேன், வெளியே போயிருந்த ஒருவர் திரும்பி வந்து சாவி போட்டுத் திறந்தார். அந்த 9 யூரோவுக்கு அது தேவையே இல்லை. புது ஊருக்கு வெளிச்சத்தில் போய்ச் சேர வேண்டும், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் செலவு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர உதவிக்கு 112, அதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே ட்ரியெஸ்தேவில் மறுநாள் பெதோசின் என்ற பொதுக் கடற்குளியல் இடத்துக்குப் போனேன், ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவில் வெள்ளைச் சுவர், நுழைய ஒரு யூரோ அளவில்தான். பாட்டிமார்கள் கூழாங்கல்லில் துண்டு விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். முந்தின இரவின் பயம் முழுதும் அங்கேதான் இறங்கியது.

விசா பற்றி உங்கள் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது, அது போதாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், 180 நாளில் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், நான் முதலில் இறங்கியது புடாபெஸ்ட் என்றாலும் 11 இரவு இத்தாலியில் என்பதால் இத்தாலியிடம் விண்ணப்பித்தேன். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். இங்கேயும் ஊர் குறைந்தால் காகிதமும் குறையும், ஐந்து முன்பதிவுச் சீட்டோடு என் கோப்பு முடிந்துவிட்டது. ஹங்கேரியில் யூரோ இல்லை, ஃபோரிண்ட். ஏடிஎம்மில் உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்குப் போடட்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்று அழுத்த வேண்டும், இல்லையென்றால் மாற்று விகிதத்தில் நன்றாக இழப்போம்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை பயணப் பக்கத்தில் ஐரோப்பா பற்றிப் போடும்போது எத்தனை நாடு என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரே ஊரில் ஒரு வாரம் இருந்தால் என்ன செலவாகும் என்று யாரையாவது எழுதச் சொல்லுங்கள். என் நோட்டில் 30 நாள் கணக்கும் இருக்கிறது, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பத் தயார். வெளியிடுவதாக இருந்தால் மொத்தத் தொகையை மட்டும் போட்டுவிடாதீர்கள், நாள்வாரியாகப் போடுங்கள். ரயிலும் பஸ்ஸும் ஏறிய அந்த நாலு நாட்களைச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி