நூலுக்கும் துணிக்கும் மதிப்பெண் குறைக்கும் நடுவர்களுக்கு

லெகோ கட்டைக் கண்காட்சிகளில் மதிப்பெண் போடும் நடுவர்களுக்கு வணக்கம்.

போன கண்காட்சி முடிந்து மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது என் கப்பலுக்கு அடியில் உங்கள் மதிப்பெண் அட்டை கிடைத்தது. "உடல் நன்று. நூல், துணி அந்நியப் பொருள். கழிவு 15." அவ்வளவுதான். எந்தக் கண்காட்சி, யார் எழுதியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இதே வரியை வெவ்வேறு கையெழுத்தில் மூன்று முறை வாங்கியிருக்கிறேன், என்னைப் போலக் கப்பல் கட்டுகிற நண்பர்களும் வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் பொதுவாக எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் எதில் உங்களோடு ஒத்துப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கட்டையை அறுக்கக் கூடாது, பசை ஒட்டக் கூடாது, சாயம் பூசக் கூடாது. சரி, மூன்றும் நியாயம். கப்பலின் உடலைக் கட்டையாலேயே வளைத்துக் காட்டுவதுதான் இந்த வேலையின் சுவாரசியமே. ரம்பத்தை எடுத்துவிட்டால் அப்புறம் மரத்திலேயே செய்துவிட்டுப் போகலாம்.

அந்த வளைவு எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கும் தெரியும். கட்டையின் மேலிருக்கும் குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., பிளேட் என்கிற தட்டைக் கட்டை ஒன்றின் உயரம் 3.2 மி.மீ. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்த ஒரு கணக்கு இல்லையென்றால் கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக் கப்பலின் விலாவைக் கட்டவே முடியாது. நடுவில் ஏரா என்கிற அடிமரம், அதிலிருந்து இரண்டு பக்கமும் வங்குகள் என்கிற விலா மரங்கள், அந்த வங்குகளின் மேல் கதவுக் கீல் போல மடங்கும் பிளேட்டில் தொங்கும் பலகைகள். நிஜக் கப்பலைக் கட்டிய தச்சர்கள் போன வழியிலேயே நாமும் போகிறோம். பழைய போர்க்கப்பல்களின் பக்கங்கள் நீர்மட்டத்துக்கு மேலே உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். கனமான பீரங்கிகள் கப்பலின் நடுக்கோட்டை நெருங்கி இருக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். அந்தச் சாய்வைக் கட்டையில் கொண்டுவர எனக்கு நான்கு மாதம் ஆனது. அதற்கு நீங்கள் முழு மதிப்பெண் கொடுத்தீர்கள், நன்றி.

ஆனால் உடல் மட்டும் கப்பல் ஆகிவிடாது. பாயும் கயிறும் இல்லாத பாய்மரக் கப்பல் என்பது எஞ்சினைக் கழற்றி வைத்த வண்டி. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் இன்றும் நிற்கிற 'விக்டரி' 1765 இல் கடலில் இறங்கிய போர்க்கப்பல். அதன் கயிறுகளின் மொத்த நீளம் சுமார் 42 கி.மீ., பாய்கள் 37. அதை ஓட்டியது இந்தக் கயிறும் துணியும்தான். 104 பீரங்கிகளைச் சுமந்துகொண்டு போன மர உடலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், இழுத்துக்கொண்டு போனதைப் பற்றிப் பேசுவதில்லை.

"அப்படியானால் பாயையும் கட்டையிலேயே கட்டலாமே" என்று ஒரு நடுவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். கட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 'பிரிக்' என்கிற வகைக் கப்பல். இரண்டு பாய்மரம், இரண்டிலும் சதுரப் பாய்கள். மினிஃபிக் என்கிற லெகோ பொம்மை மனிதனின் உயரம் 4 செ.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு அளவு. பெரிய மரத்தின் நடுப்பாய் மட்டும் 40 குமிழ் அகலம், 24 குமிழ் உயரம். அதை 2க்கு 4 பிளேட்டால் நிரப்ப 120 பிளேட் வேண்டும். ஒரே அடுக்கு பிரிந்து விழும் என்பதால் இரண்டு அடுக்கு, ஆக 240. தராசில் வைத்தேன், கால் கிலோவைத் தாண்டியது. அதே பாயைத் துணியில் வெட்டி வைத்தால் முள் அசையவே யோசிக்கிறது. இப்படி எட்டுப் பாயை உச்சி வரைக்கும் ஏற்றினால் என்ன ஆகும்? பாய்மரம் என்பது 2க்கு 2 வட்டக் கட்டைகளின் நடுவே செருகிய அச்சுதான். அது முதல் நாளே முன்பக்கம் சாய்ந்தது. மூன்றாம் நாள் மேசையின் ஓரத்தில் என் முழங்கை லேசாகப் பட்டது. கப்பல் மெதுவாகச் சாய்ந்தது, நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை.

தரையில் உட்கார்ந்து கட்டை பொறுக்கியபோது எனக்கு நினைவு வந்தது 'வாசா'. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து முதல் பயணம் கிளம்பிய ஸ்வீடன் போர்க்கப்பல். மேல்பாரம் அதிகம், அடியில் நிறுத்திப் பிடிக்கிற பாரம் போதவில்லை. 1,300 மீட்டர்தான் போயிருக்கும். ஒரு காற்று வீச்சில் சாய்ந்து, திறந்திருந்த கீழ்த்தட்டுப் பீரங்கி வாசல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கியது. பத்துப் பாயில் நான்கைத்தான் அன்று விரித்திருந்தார்கள். மீதி ஆறும் மடித்தபடி பாய் அறையிலேயே கிடந்தன. 333 வருடம் கழித்து 1961 இல் கப்பலை மேலே தூக்கிய பிறகு அந்தத் துணிகளும் கிடைத்தன. சேற்றில் ஊறி, தொட்டால் கரையும் நிலையில் இருந்த அவற்றைப் பதப்படுத்திக் காப்பாற்றியிருக்கிறார்கள். அங்கே யாரும் "மரம் மட்டும்தான் கப்பல், துணி அந்நியப் பொருள்" என்று சொல்லி ஒதுக்கவில்லை.

இன்னொன்று. துணியும் நூலும் கட்டைக்கு அந்நியம் என்கிற வாதம் லெகோவின் சொந்த வரலாற்றிலேயே நிற்காது. 1989 இல் கடற்கொள்ளையர் வரிசை வந்தபோது, பெட்டிக்குள்ளேயே துணிப் பாய்கள் இருந்தன, சிவப்பும் வெள்ளையும் கோடு போட்டவை. நூலும் இருந்தது. நம்மில் பாதிப் பேர் கப்பல் பக்கம் வந்ததே அந்தப் பாய்களைப் பார்த்துத்தான். பெட்டியில் வந்த துணி என்றால் சரி, அதே அளவில் நானே வெட்டித் தைத்தால் தப்பா? "தயாரிப்பாளர் கொடுத்தது மட்டும்" என்று விதியில் எழுதியிருக்கிறீர்கள், தெரியும். பெட்டிக் கப்பலுக்கு அந்த விதி பொருந்தும். சொந்த வடிவமைப்புக்கு, நாம் மோக் என்று சொல்வதற்கு, அது எப்படிப் பொருந்தும்? என் நடுப்பாயின் அளவில் துணி எந்தப் பெட்டியிலும் வராது.

பெட்டியோடு வரும் ஆயத்த உடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 16 குமிழ் அகலம், அதாவது 12.8 செ.மீ. நடுத்துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், அதுதான் ஆபத்து. விக்டரியின் பீரங்கித் தட்டு நீளம் 57 மீட்டர், அகலம் 15.8 மீட்டர், 3.6 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விகிதத்தில் 16 குமிழ் அகலத்துக்கு 58 குமிழ் நீளம் போதும். தேயிலை ஏற்றி வேகமாக ஓடுவதற்கென்று 1869 இல் கட்டிய 'கட்டி சார்க்' ஒல்லியானது, கிட்டத்தட்ட ஆறு மடங்கு நீளம். அப்படிக் கட்டினாலும் 94 குமிழில் நின்றுவிட வேண்டும். ஆனால் கண்காட்சியில் 130 குமிழ் நீளத்துக்கு ஒரு ரயில்பெட்டி நிற்கும், அதற்கு மூன்று பாய்மரம், பக்கத்துக்கு முப்பது பீரங்கி. மினிஃபிக் அளவில் 16 குமிழ் என்பது ஐந்து மீட்டர் சொச்சம் அகலம், ஒரு சின்னப் படகின் அகலம்! இதற்கு நீங்கள் "பிரம்மாண்டம்" என்று எழுதி முதல் பரிசு கொடுக்கிறீர்கள். கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

சரி, நூலுக்கு வருகிறேன், எனக்குச் சொல்ல வேண்டியது அதில்தான் அதிகம்.

கப்பல் கயிற்றில் இரண்டு குடும்பம். ஒன்று அசையாதது: பாய்மரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடித்து நிறுத்துவது. மழையிலும் உப்பிலும் கெடாமல் இருக்கத் தார் பூசியிருப்பார்கள், அதனால் கறுப்பு. மற்றது வேலை செய்யும் கயிறு: பாய் தொங்கும் குறுக்குமரமான பருமலை ஏற்றி இறக்கும் ஆஞ்சான், பாயின் கீழ்முனையைப் பிடிக்கும் தாமான், பருமலைக் காற்றுக்கேற்பத் திருப்பும் கயிறுகள். இவை கப்பிக்குள் ஓட வேண்டும் என்பதால் தாரில் முக்கியெடுத்தது போல இருக்காது, வெளிர் பழுப்பு. நான் இரண்டு நிற நூல் வாங்கியது அழகுக்காக இல்லை. கறுப்பு நூலை அறுத்தால் என் பாய்மரம் சாயும், பழுப்பு நூலை இழுத்தால் பருமல் திரும்பும்.

முதல் முறை கட்டியபோது இது புரியாமல்தான் நானும் கட்டினேன். முன்பக்க நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினேன், மரம் முன்னால் வளைந்தது. பின்னால் இழுத்தேன், நடுவில் கட்டைகளுக்கு இடையே நகம் நுழையும் அளவு இடைவெளி விழுந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம். ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், தனியாக நின்றால் ஆடுகிற அதே வட்டக் கட்டை அடுக்கு கம்பி மாதிரி நிற்கிறது. உங்கள் பார்வையில் அந்நியமான அந்த நூல்தான் அங்கே கட்டுமானம். பக்கவாட்டுக் கயிறுகளுக்குக் குறுக்கே படிக்கயிறு கட்டி ஏணியாக்கும் வேலை தனி. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சுருக்கு முடிச்சு, என் கப்பலில் 400க்கு மேல். வார்ப்பில் வரும் பிளாஸ்டிக் ஏணியை மாட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், மதிப்பெண்ணும் குறைந்திருக்காது.

துணியும் அப்படித்தான். வெட்டிய ஓரம் பிரியும், மடித்துத் தைக்க வேண்டும். அந்தக் காலத்துப் பாய்த்துணி இரண்டடி அகலச் சுருளாக வந்ததால் பெரிய பாய்களைப் பட்டை பட்டையாக மூட்டித்தான் தைத்தார்கள். என் அளவில் ஒரு பட்டை ஒன்றரை செ.மீ. அதனால் பாய் முழுக்க ஒன்றரை செ.மீ.க்கு ஒரு தையல்கோடு ஓட்டியிருக்கிறேன். பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும். யாரும் பக்கத்தில் வந்து பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

கட்டையிலேயே பாய் கட்டுகிறவர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளங்கை அளவுக் கப்பலுக்கு வளைந்த கட்டைதான் சரியான பாய், அங்கே துணி கைக்குட்டை போலத் தெரியும். அளவு பெரிதாகும்போது பொருள் மாறித்தான் ஆக வேண்டும்.

இனி நான் கேட்பது. நூலையும் துணியையும் கழிவுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அவற்றையும் மதிப்பிடுங்கள். மோசமாகக் கட்டியிருந்தால் தாராளமாகக் குறையுங்கள், நானே கைதட்டுவேன். மூன்று பாய்மரம் இருந்தாலே "கொள்ளையர் கப்பல்" என்று அட்டையில் எழுதாமல், கட்டியவரிடம் எந்த வகை என்று கேளுங்கள். மூன்றிலும் சதுரப் பாய் என்றால் ஒன்று, கடைசி மரத்தில் மட்டும் நீளவாக்குப் பாய் என்றால் பார்க், முன்மரத்தில் மட்டும் சதுரப் பாய் என்றால் பார்க்கன்டைன். பனியில் நசுங்கி 1915 இல் மூழ்கிய, அண்டார்க்டிக் பயணி ஷாக்கிள்டனின் 'எண்டியூரன்ஸ்' இந்தக் கடைசி வகை. 2024 இல் 3,011 துண்டுகளில் அதன் லெகோ பெட்டி வந்தது. (நிஜக் கப்பலை 2022 இல் கண்டுபிடித்த ஆழம் 3,008 மீட்டர். மூன்று மீட்டரில் தப்பியது பொருத்தம்.)

அப்புறம் பீரங்கி வாசல்களைப் பாருங்கள். கட்டையில் கட்டும்போது மேல்தட்டு வாசலுக்கு நேர்கீழே கீழ்த்தட்டு வாசல் வைக்கத் தோன்றும், ஜன்னல் மாதிரி வரிசையாக. நிஜத்தில் ஒன்றுக்கு ஒன்று தள்ளி, சதுரங்கக் கட்டம் போல இருக்கும். இல்லாவிட்டால் பக்கச் சுவர் பலம் இழக்கும்.

கடைசியாகக் கொடி. போன முறை பரிசு வாங்கிய கப்பலில் பருமல்கள் நேர்குறுக்காக நின்றன, பாய்கள் அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை நோக்கிப் புடைத்திருந்தன. காற்று முதுகிலிருந்து வீசுகிறது என்று அர்த்தம். கொடி மட்டும் பின்னோக்கிப் பறந்துகொண்டிருந்தது, ஓடுகிற காரில் கட்டிய கொடி போல. ஒரே கப்பலுக்கு இரண்டு காற்று! பாய்க்கப்பலில் முதுகுக் காற்றடித்தால் கொடி முன்னோக்கித்தான் பறக்கும். இதைக் கட்டியவர் கவனிக்காதது பெரிய குற்றமில்லை, என் முதல் கப்பலிலும் இதே தப்பு இருந்தது. ஆனால் நூலுக்கு 15 குறைத்த அதே மேசையில் இதற்கு எதுவும் குறையவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த கண்காட்சிக்கு அதே பிரிக்கைக் கொண்டுவருகிறேன், அதே நூல், அதே துணி. 15 மதிப்பெண்ணைக் குறைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். முன்மரத்தின் நடுப்பருமலிலிருந்து பின்னோக்கி வரும் இரண்டு பழுப்பு நூல்களும் தட்டின் ஓரத்தில் இரண்டு பக்கமும் கட்டியிருக்கும். இடப்பக்கத்து முடிச்சைத் தளர்த்திவிட்டு, வலப்பக்கத்து நூலை இரண்டு விரலால் இழுங்கள். மெதுவாக.

இப்படிக்கு,
பிரிக் கட்டியவன்