கந்தகமே வேண்டாம் என்கிற மகளுக்கு

அன்பு மகளே,

உன் கடிதம் கிடைத்தது. பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில், சாவெனியேர் பக்கம் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் இந்த வருஷம் முதல் ஒயின் போடப் போகிறாய், ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கிற கந்தகத்தைச் சிட்டிகைகூடச் சேர்க்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இயற்கை முறையில் வளர்ந்த ஷெனான் என்கிற வெள்ளைத் திராட்சைக் கொடி, பலகைப் பாறை மண், கையால் பறிக்கும் அளவுக்குச் சின்னத் தோட்டம். எல்லாம் நன்றாகத்தான் அமைந்திருக்கிறது. ஆனாலும் உன் அம்மா ஒயின் பரிசோதனைக் கூடத்திலேயே காலத்தைக் கழித்தவள். சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இயற்கை ஒயின்காரர்கள் முன்னோடி என்று கொண்டாடும் ஜூல் ஷோவே யார் தெரியுமா? பொழொலே வட்டாரத்தில் ஒயின் வியாபாரி. கூடவே வேதியியல்காரர், ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்தே ஆயுளைக் கழித்தவர். கந்தகம் இல்லாமலும் நல்ல ஒயின் வரும் என்று அவர் சொன்னது அத்தனை ஆராய்ச்சிக்கு அப்புறம்தான். நீயும் எதையும் சேர்க்காமல் இரு, வேண்டாமென்று சொல்லவில்லை. பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதே.

நம்ம ஆர்புவா ஊரில் விஞ்ஞானி லூயி பாஸ்தர் 1878-ல் செய்த சோதனை உனக்கு நினைவிருக்கும். கொடிகளுக்கு மேல் கண்ணாடிக் கூண்டு கட்டி, வெளிக்காற்று படாமல் பழுக்கவிட்டார். அந்தப் பழத்தை நசுக்கினால் சாறு அப்படியே கிடந்தது, நொதிக்கவில்லை. ஈஸ்ட் வெளியிலிருந்து வந்து தோலில் ஒட்டுகிறது. கடையில் வாங்கிய ஈஸ்ட் போடாத உனக்கு அந்தத் தோலும் பீப்பாய் அறையும்தான் மூலதனம். குளவி கடித்த கொத்து, சாம்பல் பூஞ்சை பிடித்த கொத்து எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. அதில் காடியாக்கும் பாக்டீரியாவும் கூடவே வரும். ஷெனான் ஒரே சமயத்தில் பழுக்காது. ஒரே வரிசைக்கு இரண்டு மூன்று தடவை போய்ப் பறிக்கச் சோம்பல் படாதே.

பிழிந்த சாறு நொதிக்கத் தொடங்கும்வரை உள்ள நாட்கள்தான் எனக்குப் பயம். அந்த நாட்களைக் குறைக்கத்தான் அறுவடைக்குச் சில நாள் முன்னால் நல்ல கொத்துகளைப் பறித்து, ஒரு வாளியில் நசுக்கி, தானாக நொதிக்கவிடுகிறார்கள். முகர்ந்து பார், நெயில் பாலிஷ் வாடை வந்தால் கொட்டிவிடு. பழவாசனையோடு பொங்கினால் பெரிய சாற்றில் சேர்த்துவிடு. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். அப்புறம் தினமும் அடர்த்தியை அளந்து எழுதிவை. குளிர்காலத்தில் நொதிப்பு நின்று, வசந்தத்தில் மறுபடி கிளம்புவது ஷெனானில் சகஜம், பதறாதே. ஆனால் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் சர்க்கரை மிச்சமிருக்கும்போது கந்தகமில்லாமல் பாட்டிலில் அடைத்தால், உள்ளேயே மறுபடி நொதிக்கக்கூடும்.

ஒயினில் வரும் எலி வாடை என்கிற கோளாறு பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளாஸை எத்தனை முகர்ந்தாலும் தெரியாது. ஒயினின் புளிப்பு அதை அடக்கி வைத்திருக்கும். விழுங்கி, எச்சில் கலந்த பிறகு நாக்கின் பின்பக்கம் எலிக்கூண்டு வாடை எழும்பும். நாங்கள் புறங்கையில் இரண்டு சொட்டு விட்டு, தேய்த்து, முகர்ந்து பார்ப்போம். இந்த வாடைக்குக் காரணமான சேர்மங்களில் ஒன்றுதான் பாஸ்மதி அரிசிக்கு மணம் கொடுப்பதும்! சோற்றில் மணப்பது ஒயினில் குமட்டுகிறது. கந்தகமில்லாத ஒயினில் இது அதிகம். சில சமயம் பாட்டிலில் மாதக்கணக்கில் இருந்து தானே போய்விடும், ஆனால் அதை நம்பி விற்பனைக்கு அனுப்பாதே.

அதனால்தான் சொல்கிறேன், அறுவடைக்கு முன்பே சபதம் எடுக்காதே. ஒவ்வொரு பீப்பாயையும் தனித்தனியாக ருசித்து முடிவு செய். சுத்தமாக இருப்பதை அப்படியே அடை. சந்தேகமாக இருப்பதற்குப் பாட்டிலில் அடைக்கும் முன் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கந்தகம் கொடு. சாதாரண உலர் வெள்ளை ஒயினுக்கு ஐரோப்பியச் சட்டம் லிட்டருக்கு 200 வரை விடுகிறது, ஆர்கானிக்குக்கு 150. 2020-ல் வந்த ‘வேன் மெத்தோத் நத்யூர்’ (இயற்கை முறை ஒயின்) சாசனத்திலேயே இரண்டு முத்திரை உண்டு: கந்தகமே சேர்க்காததற்கு ஒன்று, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் சேர்த்ததற்கு ஒன்று. ஈஸ்ட்கூடத் தானாகவே கொஞ்சம் கந்தகத்தை உண்டாக்குகிறது. இரண்டாவது முத்திரை ஒட்டினால் உன் மரியாதை குறைந்துவிடாது. வருஷம் முழுக்கக் கொடியோடு பாடுபட்டது கெட்டுப்போன ஒயினாக ஊரார் வாய்க்குப் போவதை என்னால் தாங்க முடியாது.

செப்டம்பர் கடைசியில் அப்பாவும் நானும் வருகிறோம். என் பழைய நுண்ணோக்கியைக் கொண்டுவருகிறேன், மேஜை மட்டும் தயார் செய்துவை. பறிக்கும் கத்தரிகளையும் சாணை பிடித்துவை, அப்பாவுக்கு மொட்டைக் கத்தரி ஆகாது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா