விறகு மிதந்து வந்த ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உள்நாட்டு நீர்வழிகள் குறித்த தலையங்கத்தைப் படித்தபோது, பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்து 1866இல் பிறந்த பிரான்சின் கிளம்சி நகரம் நினைவுக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டு முதல் பாரிஸின் அடுப்புகளுக்கு வேண்டிய விறகு, மோர்வான் காடுகளில் வெட்டப்பட்டு, உரிமையாளரின் முத்திரை பொறிக்கப்பட்டு, ஓடைகளில் தனித்தனிக் கட்டைகளாக மிதந்து கிளம்சியை அடைந்தது. அங்கே தொழிலாளர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கட்டைகளைக் கரையேற்றி, முத்திரை பார்த்துப் பிரித்து, நீண்ட தெப்பங்களாகக் கட்டி, யோன், சேன் ஆறுகள் வழியே தலைநகருக்குச் செலுத்தினர். திரும்பும்போது நடந்தே ஊர் வந்தனர். நிலக்கரியும் ரயிலும் வந்தபின் அத்தொழில் நலிந்து, 1920களில் முற்றிலும் நின்றது. இம்முறைக்கு முன்னோடியாகப் போற்றப்படும் வணிகர் ழான் ரூவேயின் மார்பளவுச் சிலை அவ்வூர்ப் பாலத்தில் உள்ளது. ஆனால், குளிர்நீரில் நின்ற அத்தொழிலாளர்களையே முதலில் நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்