ஹிஸ்ஸா ஹிலாலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஹிஸ்ஸா ஹிலால் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு அரபி தெரியாது. இருந்தும், 2010 மார்ச்சில் அபுதாபியில் 'மில்லியன் கவிஞர்' என்ற தொலைக்காட்சிக் கவிதைப் போட்டி மேடையில் நீங்கள் கவிதை சொன்ன காணொளியை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். முகம் முழுக்க மூடிய திரை. அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது. அடிக்கு அடி கடைசியில் அதே ஓசை வந்து விழுகிறது. எங்கள் யாப்பில் இதை இயைபு என்போம். பொருள் தெரியாமலே அடுத்த அடிக்காகக் காத்திருந்தேன்.

அப்புறம்தான் மொழிபெயர்ப்பில் படித்தேன். ஃபத்வாக்களை, அதாவது மதகுருக்கள் தரும் மார்க்கத் தீர்ப்புகளைப் பற்றிய கவிதை! அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஆணும் பெண்ணும் ஓரிடத்தில் கலந்து பழகுவதை ஆதரிப்பவர் கொல்லப்பட வேண்டியவர் என்று உங்கள் சவூதி அரேபிய நாட்டு மதகுரு ஒருவர் சொல்லியிருந்தார். நீங்களோ, அப்படித் தீர்ப்புச் சொல்பவர்களை, மரணத்தை உடையாக உடுத்தி இடையில் வார் கட்டியவர்கள் என்று பாடுகிறீர்கள். அது வெடிகுண்டு வார் என்று அந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

அதையும் நபதி யாப்பில் சொன்னீர்களே, அதுதான் என்னை அசைத்தது. குலப் பெருமையும் ஆள்வோர் புகழும் பாடிப் பழகிய பாலைவனத்து வாய்மொழி மரபு அது. இதை யாரோ வெளியிலிருந்து இறக்குமதி செய்த பேச்சு என்று எப்படி ஒதுக்குவார்கள்? அவர்களின் பாட்டன்மார் பாடிய சந்தம் அல்லவா! கொலை மிரட்டல்கள் வந்தன. நீங்கள் போட்டியை விட்டு விலகவில்லை. 'மில்லியன் கவிஞர்' இறுதிச் சுற்றை எட்டிய முதல் பெண், மூன்றாம் இடம், 30 லட்சம் திர்ஹம் பரிசு.

உலகப் பத்திரிகைகள் உங்கள் முகத்திரையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டன. பயந்து மூடவில்லை, திறந்தால் கணவரையும் சகோதரரையும் மற்ற ஆண்கள் ஏசுவார்கள் என்றீர்கள். அந்தப் பதில் எனக்கு வலித்தது. எங்கள் வீடுகளிலும் பெண் என்ன செய்தாலும் கணக்கு ஆண்களின் மானத்தில்தான் எழுதப்படுகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. ரியாத் மருத்துவமனை ஒன்றில் எழுத்தர் வேலை பார்த்த காலத்தில், உங்கள் கவிதைகளுக்குக் கிடைத்த முதல் பணத்தில் ஒரு ஃபேக்ஸ் இயந்திரம் வாங்கினீர்களாம். வீட்டிலிருந்தே பத்திரிகைகளுக்குக் கட்டுரை அனுப்புவதற்காக. இதைப் படித்த அன்று வேறு எதுவும் படிக்க முடியவில்லை. என் முதல் கவிதைக்கு வந்த மணியார்டர் பால் கணக்கில் போய்விட்டது. அதை எழுத்துக்கே திருப்பலாம் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. மேடையில் நின்ற துணிச்சலின் வேரை நான் அந்த இயந்திரத்தில்தான் பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள ஆசை. அது வீட்டுக்கு வந்த அன்று, முதல் தாளாக எதை அனுப்பினீர்கள்?

அன்புடன்,
உங்கள் தமிழ் வாசகி