மொரிஸ் மைனருக்கு இலத்திரனியல் இக்னிஷன்: மகளுக்கு எழுதிய பதில்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீயும் மருமகனும் பேரனும் சுகமாக இருக்க கோணேசரை வேண்டுகிறோம். நமது பழைய மொரிஸ் மைனர் காரில் பொறியை எழுப்பும் பொயின்டை எடுத்துவிட்டு இலத்திரனியல் இக்னிஷன் போடுவதற்கு வேண்டியதை இங்கிலாந்திலிருந்தே வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அனுப்பு பிள்ளை. ஆனால் எதை வாங்குவது என்பது சரியாகத் தெரியாமல் வாங்கினால் காசும் தபால் செலவும் வீணாகிவிடும் என்பதால், தொலைபேசியில் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

பிளக்குகளுக்கு முறைவைத்துப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பொயின்ட் என்ற சிறிய சுவிட்ச் மூடியிருக்கும்போது, வோல்ட்டை உயர்த்தும் கொயிலின் ஒரு கம்பிச் சுற்றில் ஏறக்குறைய 4 அம்பியர் மின்னோட்டம் ஓடுகிறது. சுழலும் தண்டிலுள்ள கேம் என்ற மேடு அதைத் தள்ளித் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுந்து, காந்தப்புலம் சரிந்து, மற்றக் கம்பிச் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்குக்குப் போகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது அந்தப் பொயின்ட் ஒரு செக்கனில் 100 தடவை திறந்து மூட வேண்டியிருக்கிறது. அத்தனை தடவையும் கேமில் உரசும் அதன் சிறிய குதி தேயத் தேய, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக நாம் வைத்த இடைவெளி ஒடுங்கி, பொயின்ட் பிந்தித் திறந்து, பொறி விழும் நேரமான டைமிங் பின்வாங்கி, கார் ஏற்றத்தில் இழுக்காமல் போகிறது.

தேய்மானத்தைக் காட்டிலும் இந்த ஊரில் எனக்குப் பெரிய தொல்லை ஈரம்தான். மார்கழி மழையில் காரைச் சில வாரங்கள் எடுக்காமல் விட்டால், கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து பொயின்டின் இரண்டு முகங்களிலும் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் பிடித்துவிடும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பற்றாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்புகளையும் தட்டி விலக்கி, உள்ளே சுழலும் ரோட்டரை இழுத்தெடுத்து, மடித்த எமரித் தாளைப் பொயின்டின் இடையில் விட்டு இழுத்து, பிறகு வெள்ளைக் கடதாசித் துண்டொன்றை அதே இடத்தில் கறுப்பு ஒட்டாமல் வெளியே வரும்வரை இழுத்தால், அடுத்த சுற்றிலேயே எஞ்சின் பற்றிக்கொள்ளும். இந்த வேலையில் எனக்குச் சலிப்பு இல்லை. ஆனால் என் கண்ணுக்கு இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் தகடு இப்போது மங்கலாகத் தெரிகிறது. பொயின்டின் முகம் எரியாமல் காக்க, இப்போது கடையில் கிடைக்கும் கொண்டென்சர்களிலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

நீ சொல்லும் முறையில், பொயின்டும் கொண்டென்சரும் இருந்த இடத்தில் ஒரு சிறிய உணரி வந்து உட்காரும். ரோட்டருக்குக் கீழே கேமில் மாட்டும் காந்த வளையம் சுற்றும்போது, உணரி அதைப் பார்த்துக் கொயிலின் ஓட்டத்தை வெட்டிவிடும். உரசுவதற்கு ஒன்றும் இல்லாததால் டைமிங் ஒருமுறை வைத்தால் நிற்கும், தண்டு சற்று ஆடினாலும் பொயின்டைப் போல அது தடுமாறாது. கார் பறக்கும், பெற்றோல் பாதியாகும் என்று விற்பவர்கள் சொல்வதை நீ நம்ப வேண்டாம். கொயில் அதே கொயிலாக இருக்கும்போது, நன்றாக வைத்த பொயின்ட் தரும் பொறியும் இது தரும் பொறியும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்தள்ள டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் அதையும் இது திருத்தாது; மூடிக்குள் ஈரம் கோத்தால் முன்போலவே துடைக்கத்தான் வேண்டும்.

இனி நீ கவனிக்க வேண்டியது. நமது கார் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் இரும்பு உடம்போடு இணைந்திருக்கிறது. இன்றைய கார்கள் எல்லாம் இதற்கு நேர்மாறு என்பதால், பெயரைச் சொல்லிக் கேட்டால் நெகட்டிவ் எர்த்துக்கு உரியதையே எடுத்துத் தருவார்கள். அதை நமது காரில் கொடுத்தால் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் உள்ளே கருகிவிடும். பற்றரியை மாற்றிப் போட்டு, கொயிலின் வயர்களை இடம் மாற்றி, டைனமோவுக்குத் திருப்பி முனைவு கொடுத்து நெகட்டிவ் எர்த் ஆக்கிவிடலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் 1964இன் வயரிங்கில், தொட்டால் உறை உதிரும் இடங்களில் கை வைக்க எனக்கு மனமில்லை.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டரின் இனம். மண்ணெண்ணெய்த் துணியால் கிறீஸைத் துடைத்துப் பார்த்தேன். அலுமினிய உடம்பில் லூக்காஸ் 25டி4 என்று பொறித்திருக்கிறது. அதற்குப் பின்னால் வந்த 45டி4க்கு உரியது இதற்குப் பொருந்தாது. கொயிலை அளந்தேன், 3 ஓமுக்குச் சற்று மேலே காட்டுகிறது. ஆகவே புதுக் கொயில் வேண்டாம். பிளக் வயர்கள் மட்டும் செம்புக் கம்பியானவை, அவை எழுப்பும் இரைச்சல் உணரியைக் குழப்பும் என்பதால் கார்பன் வயர் ஒரு செற்றும் சேர்த்து வாங்கு.

எஞ்சின் நிற்கும்போது சாவியைப் போட்டபடி விட்டால் இந்தச் சாமான் சூடேறிச் செத்துவிடும். உன் தம்பிக்கு அந்தப் பழக்கம் உண்டு; அவனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். பொயின்ட் கெட்டுப்போவதற்கு முன் இருமியும் தும்மியும் நமக்குச் சொல்லிவிடும். இது சொல்லாமல் நின்றுவிடும். கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் இரவில் யானை நடமாடும் வீதியில் அப்படி நிற்க முடியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதும், கையால் திருத்தக்கூடிய எளிய உறுப்புகளே அவற்றில் இருந்ததனால்தான். ஆகவே பழைய தகட்டைப் பொயின்டும் கொண்டென்சரும் பூட்டியபடியே, இடைவெளியும் வைத்து, ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு டிக்கியில் வைத்துக்கொள்ளப் போகிறேன். பழையபடி மாற்ற ஒரு ஸ்குரூடிரைவரும் சிறிய ஸ்பானரும் போதும்.

பணம் கட்டுவதற்கு முன் பெட்டியின் மேல் எழுதியிருப்பது தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துத் தம்பியின் தொலைபேசிக்கு அனுப்பு. பொசிட்டிவ் எர்த், 25டி4 என்ற இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று நான் பார்த்துச் சொல்கிறேன், அதன்பிறகு வாங்கு.

அன்புடன்,
அப்பா