12ஆவது கிலோமீற்றரில் ஒரு வீடு

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை நீ சத்தம் போட்டுவிட்டுப் போனை வைத்த பிறகு இரண்டு நாள் எனக்கும் கோபம்தான். "படிச்ச நீங்களே அம்மப்பாவைச் சாத்திரக்காரியிட்டக் கூட்டிக்கொண்டு போறீங்களா?" என்று கேட்டாய். அவ சாத்திரக்காரி இல்லை, வாக்குச் சொல்லுறவ. சரி, உனக்கு இரண்டும் ஒன்றுதான். போனில் சொன்னால் நீ முழுதாகக் கேட்க மாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மப்பா கோவில் வாசலோடு நிற்கிற ஆள் என்பது உனக்குத் தெரியும். 31ஆம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அம்மம்மாவின் அந்தியேட்டிக் கிரியை செய்தபோது, ஐயர் சொன்னதையெல்லாம் வாய் பேசாமல் செய்து முடித்தார். பிறகு ஏழு கிணற்றிலும் ஒவ்வொன்றாகக் கையை விட்டு, எது கூடச் சூடு என்று பார்த்துக்கொண்டு நின்றார். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் இது என்று ஐயர் சொல்ல, "அவனுக்கு அழுகிறதுக்கு இருபது கண் இருந்திருக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற சித்தி சிரித்தே விட்டாள்.

அப்படிப்பட்டவர் ஆனி மாதம் ஒரு பின்னேரம், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நிலாவெளி றோட்டில ஒரு மனிசி இருக்கிறாவாம். செத்த ஆக்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறாவாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். பதில் இல்லை. நானும் பிறகு கேட்கவில்லை.

என் ஓட்டம் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. ஐப்பசியில் கொழும்பில் அரை மரதன், 21.1 கிலோமீற்றர். கிழமையில் மூன்று நாள் சின்ன ஓட்டம், ஞாயிறு மட்டும் நீளம். அந்த ஞாயிறு 12 ஓட வேண்டும். அந்த மனிசியின் வீடு சாம்பல்தீவுப் பாலம் தாண்டி, எங்கள் படலையிலிருந்து கிட்டத்தட்ட அதே 12. ஒரே பயணத்தில் இரண்டு வேலை என்று நினைத்தேன். நான் ஓடுவது, அம்மப்பா ஓட்டோவில் தண்ணீரோடு பின்னால் வருவது, திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஓட்டோவில். நீ சிரிப்பாய். ஓட்டோக்காரப் பொடியனும் சிரித்தான்.

நாலரைக்கு வெளிக்கிட்டோம். இப்போது கச்சான் காற்றுக் காலம். ஏழு மணி தாண்டினால் தார் றோட்டிலிருந்து வெக்கை முகத்தில் அடிக்கும். உவர்மலை இறக்கத்தில் நாய்கள், திருகோணமலை டவுனுக்குள் மான்கள். ஒரு கொம்பன் நடு றோட்டில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தது, ஐம்பது வயதில் இவளுக்கு ஏன் இந்த வேலை என்கிற மாதிரி. மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில்தான் நீள ஓட்டம் ஓட வேண்டும் என்று நீதானே சொல்லித் தந்தாய். அதனால் ஓட்டோவைப் பக்கத்தில் வரச்சொல்லி அம்மப்பாவோடு பேசிப் பார்த்தேன். உப்புவெளியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மயானத்தைத் தாண்டும்போது மட்டும், "புல்லை எவ்வளவு வடிவா வெட்டி வச்சிருக்கிறாங்கள்" என்றார். மற்றபடி மடியில் வெற்றிலையும் தேசிக்காயும் வைத்த பையை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார்.

அந்த மனிசிக்கு என் வயதுதான் இருக்கும். மஞ்சள் சேலை, மாரியம்மன் படத்துக்கு முன்னால் ஒரு பலகை. வியர்வை சொட்டச் சொட்டக் காற்சட்டையோடு நான் போய் நிற்க, ஒரு துவாய் தந்தா, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கற்பூரம் கொளுத்தி, தேசிக்காயைக் கைக்குள் உருட்டி, உடம்பு உதறத் தொடங்கியது. "வந்திட்டன்" என்றா.

பிறகு சொன்னதெல்லாம் எந்த வீட்டுக்கும் பொருந்துகிற கதை. நெஞ்சுக்குள் ஒரு பாரம் இருந்தது, கடைசியில் தண்ணீர் கேட்டது, சொல்ல நினைத்த ஒன்றைச் சொல்லாமல் போனது. அம்மப்பாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த சொல் வந்தது. ஓரிடத்தில் வழுக்கிவிட்டா. "மூத்த மகனை நினைச்சுத்தான் என்ர கவலை" என்றா. அம்மம்மாவுக்கு ஏது மகன்? நானும் சித்தியும்தானே. பிழை பிடித்துவிட்டேன் என்று அம்மப்பாவைப் பார்த்தேன். பேப்பரில் ஓர் எழுத்து மாறினாலும் பேனையால் வட்டம் போடுகிற மனுசன், ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏதும் கேக்கோணுமெண்டாக் கேளுங்கோ" என்றா.

அவர் ஒன்றுமே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிவிட்டுச் சொல்லத் தொடங்கினார். "கிணத்தடி மல்லிகை இந்த முறை நல்லாப் பூத்திருக்கு. நான்தான் தண்ணி விடுறன். கரண்ட் பில் கட்டியாச்சு. சீனிப் போத்தலை மேல் தட்டில வச்சிருக்கினம், எனக்கு எட்டாதெண்டு. மூத்தவள் ஓடுறாள், மெலிஞ்சிட்டாள். பேத்திக்கு வேலை நிரந்தரமாக்கிப் போட்டாங்கள்." கடைசியில், "ஆசுப்பத்திரியில உனக்குத் தண்ணி குடுக்க விடேல்ல. பஞ்சில நனைச்சு உதட்டில வச்சனான். தெரியுமோ தெரியாது."

அந்த மனிசிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உதறலும் நின்றுவிட்டது.

முப்பது வருசம் சைக்கிளில் தந்தி கொண்டுபோன ஆள் அவர், மகள். அவரை வாசலில் கண்டாலே வீட்டுக்காரர் குழறத் தொடங்கிவிடுவார்கள் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆறு மாதமாக இந்த வீட்டில் அவர் யாரிடம் மல்லிகை பற்றிச் சொல்லியிருப்பார்? நான் ஐந்து மணிக்கு ஓடப்போய், எட்டு மணிக்குக் கந்தோர் போய், ஆறு மணிக்குக் களைத்து வருகிறேன். அம்மம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று பேசினால் தன்னை மறதிக்காரன் என்று நாங்கள் டொக்டரிடம் கூட்டிப்போவோம் என்று பயந்திருப்பார். போயிருப்பேன்தான்.

வெற்றிலையில் 1000 ரூபா வைத்தோம். தோசம் கழிக்க இன்னும் 25000 ஆகும் என்று அவவின் புருசன் வாசலில் வைத்துச் சொன்னான். அதற்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. ஆகவே ஏமாந்துவிடுவோம் என்று நீ பயப்படாதே.

திரும்பி வரும்போது அம்மப்பா, "தந்தி மாதிரித்தான். சொல்லு கொஞ்சம், காசு கூட" என்றார். பிறகு பாலத்தடியில் ஓட்டோவை நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கித் தந்தார். என் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. வீடு வரும்வரை முன்சீற்றில் காலை நீட்டி வைக்கச்சொல்லிப் பொடியனோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தார்.

நேற்றுப் பின்னேரம், வருகிற ஞாயிறு எவ்வளவு தூரம் என்று கேட்டார். 16 என்றேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணிவிட்டு, "அப்ப அவவின்ர வீட்டைத் தாண்டிப் போகோணுமே" என்றார். ஓட்டோவை அங்கே நிறுத்தச் சொல்வாரோ, விடுவாரோ. நான் கேட்கவில்லை.

நீ அனுப்புவதாகச் சொன்ன முழங்கால் உறையில் நடுத்தர அளவு வாங்கு. பெரிதென்றால் வழுக்கி இறங்குகிறது.

அன்புடன்,
அம்மா