ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் சொவெட்டோதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பயணப் பக்கத்தில், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் கறுப்பின மக்கள் வாழும் பெரிய குடியிருப்பான சொவெட்டோ பற்றி வந்த கட்டுரையில் இருந்ததெல்லாம் தகரக் கொட்டகைப் படங்கள்தான். போன மாதம் நான்கு நாள் அங்கே தங்கிவிட்டு வந்தவன் என்பதால் எழுதுகிறேன், அங்கே எல்லோரும் ஏழைகள் இல்லை. சொவெட்டோவில் உள்ள டீப்க்லூஃபின் ஒரு பகுதியில் உயர்ந்த மதிலும் வாசலில் இரண்டு காருமாக வீடுகள் இருக்கின்றன. மண்டேலாவும் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் வாழ்ந்த விலகாஸி தெருவில் ஞாயிறு மதியம் எந்த உணவகத்திலும் உட்கார இடமில்லை. 2007-ல் திறந்த 'மபோன்யா மால்' என்ற வணிக வளாகத்தைக் கட்டிய ரிச்சர்ட் மபோன்யாவுக்கு நிறவெறிக் காலத்தில் ஒரு துணிக்கடை வைக்கக்கூட உரிமம் தரவில்லை, அவர் பால் விற்று முன்னுக்கு வந்தவர். இதையெல்லாம் விட்டுவிட்டு எழுதினால் அந்த மக்களின் உழைப்பையே மறைத்த மாதிரி ஆகிவிடும்.

நான் தங்கியது நாலு அறை உள்ள பழைய 'தீப்பெட்டி வீடு' ஒன்றில். கொல்லையில் மூன்று தகர அறைகள் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார் அந்த வீட்டுப் பாட்டி. வாடகையும் முதியோர் உதவித்தொகையும் சேர்ந்துதான் பேரப்பிள்ளைகள் மூன்று பேரின் படிப்பு. இவரைப் பணக்காரர் என்பதா, ஏழை என்பதா?

அப்புறம் சொவெட்டோவிலேயே இருக்கும் கிளிப்டவுன். 1955 ஜூனில் கறுப்பர், இந்தியர், வெள்ளையர், கலப்பினத்தவர் என்று ஏறக்குறைய 3,000 பேர் கூடி, எல்லோருக்கும் வீடும் பாதுகாப்பும் வேண்டும் என்று நிறவெறிக்கு எதிரான சுதந்திர சாசனத்தை நிறைவேற்றிய இடம். நினைவிடத்தைப் படம் எடுத்த கையோடு சுற்றுலா வேன்கள் கிளம்பிவிடுகின்றன. பக்கத்திலேயே ரயில் பாதை, அதைத் தாண்டினால் சந்து சந்தாகத் தகர வீடுகள், பல குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரே குழாய், வரிசையாகப் பிளாஸ்டிக் கழிப்பறைகள். குழாயடியில் பெயின்ட் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். வீடு கேட்டு 1996-ல் மனுக் கொடுத்த ரசீது. மடிப்புகளில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு பிறந்த மகள் இப்போது வேலைக்குப் போகிறாளாம், வீடு இன்னும் வரவில்லை.

வறுமையை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாசனம் நிறைவேறிய இடத்துக்கும் அந்தக் குழாயடிக்கும் சில நிமிட நடைதான். அடுத்த முறை கிளிப்டவுன் படம் போட்டால் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்